கார்டுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: ஸ்மார்ட் கார்டும் கட்டண மண்டலமும்

ஒருமுறை, நான்கே நிலையம் தள்ளியிருந்த இடத்துக்குப் போக, நகரத்தையே குறுக்கே கடந்ததற்கான கட்டணத்தைக் கொடுத்திருக்கிறேன். ஏறிய நிலையத்தில் கேட் இருந்தது. கார்டை வைத்தேன், கதவு திறந்தது, போனேன். இறங்கிய நிலையம் சின்னது, கேட் கிடையாது. வெளியே போகும் வழியில் தூணோடு தூணாக ஒரு கார்டு ரீடர் மட்டும் நின்றுகொண்டிருந்தது. தடுக்கக் கதவு இல்லாததால் அது கண்ணிலேயே படவில்லை. பேசிக்கொண்டே நடந்து வெளியே வந்துவிட்டேன். மறுநாள் பேலன்ஸைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது.

கோபம் ஆறிய பிறகு யோசித்தால், கார்டின் மேல் தப்பில்லை. நான் எங்கே ஏறினேன் என்று அதற்குத் தெரியும். எங்கே இறங்கினேன் என்று தெரியாது. தெரியாத பாதியைத் தனக்கு நஷ்டம் வராதபடி அது நிரப்பிக்கொண்டது, அவ்வளவுதான். பெரிய நகரங்களின் பஸ், ரயில் கார்டுகளில் புதியவர்களுக்கு வரும் குழப்பங்களைத் தோண்டிப் பார்த்தால், முக்கால்வாசி இந்த இடத்தில்தான் வந்து முட்டும்.

பழைய காகித டிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். கவுன்ட்டரிலோ கண்டக்டரிடமோ போகும் இடத்தைச் சொல்லித்தான் வாங்குவோம். கட்டணம் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடும். ஸ்மார்ட் கார்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டில் கார்டை வைத்ததும் உள்ளே விட்டுவிடுகிறார்கள். நாம் அடுத்த நிலையத்தில் இறங்கப் போகிறோமா, கடைசி நிலையம் வரை போகப் போகிறோமா என்பது இயந்திரத்துக்கு அப்போது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அதற்கு இருக்கும் ஒரே வழி, இறங்கும் இடத்தில் நாம் மறுபடி கார்டை வைப்பதுதான். முதல் தொடுதல் கேள்வி, இரண்டாவது தொடுதல் பதில். பதில் வராவிட்டால் அதிகபட்சக் கட்டணம். லண்டன் ரயில்களில் இது இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. ஆய்ஸ்டர் கார்டை உள்ளே வைக்கும்போதே அங்கிருந்து போகக்கூடிய பெரிய தொகையைப் பிடித்துவிட்டு, வெளியே வைக்கும்போது மீதியைத் திருப்பிப் போடுகிறது. நெதர்லாந்து ரயில்களிலும் ஓவி சிப்கார்டு என்ற கார்டு இதேபோல ஏறும்போது ஒரு தொகையை நிறுத்திவைக்கும்.

கார்டுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். பேட்டரி இல்லை. ஓரத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று, அதோடு இணைந்த பொடி சிப் ஒன்று. ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு காந்தப்புலத்தை வீசிக்கொண்டே இருக்கிறது. கார்டு சில சென்டிமீட்டர் நெருங்கியதும் அந்தப் புலம் சுருளில் மின்சாரத்தைத் தூண்ட, தூங்கிக்கொண்டிருந்த சிப் விழித்துக்கொள்கிறது. ரீடரோடு ரகசியக் குறியீட்டில் பேசி, தான் அசல் கார்டுதான் என்று நிரூபித்து, எந்த நிலையம், எத்தனை மணி என்பதை எழுதிக்கொண்டு மறுபடி தூங்கிவிடுகிறது. டோக்கியோவின் சூய்கா கார்டில் இதெல்லாம் 0.2 விநாடிக்குள் முடிய வேண்டும் என்பது விதி. அத்தனை கூட்டம் அந்த கேட்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. லண்டனில் கேட்டில் நேரடியாக வைக்கும் வங்கிக் கார்டுகளுக்கு அரை விநாடி கெடு.

இதில் நமக்கு வேண்டிய பாடம் சின்னது. கார்டை ரீடரில் தேய்க்கக் கூடாது, வீசிக் காட்டவும் கூடாது. தட்டையாக வைத்து, சத்தமோ பச்சை விளக்கோ வரும்வரை ஒரு கணம் நிறுத்தினால் போதும். எந்தப் பக்கம் வைத்தாலும் வேலை செய்யும். பர்ஸோடு வைக்கலாம், ஆனால் பர்ஸுக்குள் இன்னொரு கார்டும் அதே வகையாக இருந்தால் வம்பு. இரண்டும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். ஒன்று ரீடர் திணறி மறுக்கும், அல்லது நுழையும்போது ஒரு கார்டையும் வெளியேறும்போது வேறு கார்டையும் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதுதான் ஆபத்து. ஒரு கார்டில் கேள்வி மட்டும், இன்னொன்றில் பதில் மட்டும். இரண்டிலும் அதிகபட்சக் கட்டணம்.

இந்த வகைக் கார்டுகள் ஒன்றும் நேற்று முளைத்தவை அல்ல. சோல் நகர பஸ்களில் 1996இலேயே வந்துவிட்டன. ஹாங்காங்கின் ஆக்டோபஸ் 1997, சூய்கா 2001, சிங்கப்பூரின் ஈஸி-லிங்க் 2002, ஆய்ஸ்டர் 2003.

சரி, இப்போது மண்டலத்துக்கு வருவோம். ஒரு நகரம் கட்டணம் வாங்க அடிப்படையில் மூன்று வழிகள்தான். எங்கே போனாலும் ஒரே கட்டணம் என்பது முதல் வழி. நியூயார்க் சுரங்க ரயில் அப்படித்தான். அதனால் அங்கே வெளியேறும்போது கார்டை வைக்கவே வேண்டாம், இறங்கிய இடம் யாருக்கும் தேவைப்படவில்லை. கிலோமீட்டர் கணக்கு பார்ப்பது இன்னொரு வழி. சிங்கப்பூர் 2010இலிருந்து பஸ், ரயில் இரண்டுக்கும் சேர்த்து மொத்த தூரத்தைக் கூட்டித்தான் வாங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் மண்டலம். வரைபடத்தில் கோடு போட்டு நகரத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். எத்தனை துண்டுகளைத் தொட்டுப் போகிறோமோ அதற்கேற்ற கட்டணம். ஏறத்தாழத் தூரக் கணக்குதான், ஆனால் அளவுகோல் தடிமனானது.

லண்டனில் மண்டலங்கள் வெங்காயத்தை வெட்டியதுபோல. நடுவில் 1, அதைச் சுற்றி 2, அப்படியே வெளியே வெளியே போகும். பெர்லினில் மூன்றே வளையம்: ஏ, பி, சி. சூரிச்சில் வளையம் அல்ல, ஒட்டுப்போட்ட துணிபோல எண்ணிட்ட துண்டுகள். அதில் ஒரு வேடிக்கை, நகரத்தின் மையத் துண்டான 110 ஒரு மண்டலமாக இருந்தும் கட்டணத்தில் இரண்டாக எண்ணப்படும். ஆகவே மண்டல வரைபடத்தைப் பார்க்கும்போது எண்களைக் கழித்து விடை சொல்லிவிட முடியாது. அந்த நகரம் எதை எப்படி எண்ணுகிறது என்ற ஒரு வரியை எங்காவது தேடிப் படித்துவிடுவது நல்லது.

மண்டல முறைக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஒரு நிலைய தூரம்கூட இரண்டு மண்டலம். கோட்டுக்குள்ளேயே சுற்றினால் பத்து நிலையம் போனாலும் ஒன்றுதான். இந்த அநியாயத்தைக் கொஞ்சம் குறைக்கச் சில நிலையங்களைக் கோட்டின் மேலேயே வைத்துவிடுவார்கள். லண்டனின் டர்ன்ஹாம் கிரீன் நிலையம் 2, 3 இரண்டு மண்டலங்களிலும் இருக்கிறது. உள்ளிருந்து வருபவருக்கு அது 2, வெளியிலிருந்து வருபவருக்கு 3, எது மலிவோ அது. வரைபடத்தில் ஒரு நிலையத்தின் பக்கத்தில் இரண்டு எண்கள் இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். வீடு தேடும்போதோ ஓட்டல் பிடிக்கும்போதோ இப்படிப்பட்ட நிலையத்தின் பக்கம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள் என்பேன்.

இப்போது இன்னும் நுணுக்கமான இடம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். நகரத்தின் கிழக்கே 2ஆம் மண்டலத்தில் ஏறி, மேற்கே அதே 2ஆம் மண்டலத்தில் இறங்குகிறீர்கள். நடுவே 1 வழியாகப் போனீர்களா, அல்லது 1ஐத் தொடாமல் சுற்றுப் பாதையில் போனீர்களா? கட்டணம் மாறும், ஏனென்றால் மண்டலத்தில் விலை கூடியது மையம்தான். ஆனால் கார்டுக்குத் தெரிந்தது இரண்டு முனைகள் மட்டும். நடுவே நடந்த எதுவும் அதற்குத் தெரியாது. அதனால் அமைப்பு ஊகிக்கிறது. அந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே பெரும்பாலோர் எப்படிப் போவார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அந்த வழிக்கான கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது. நீங்கள் மெனக்கெட்டுச் சுற்றிப் போயிருந்தாலும், ஊகம் மையம் வழியாக என்றால் மையத்துக்கும் சேர்த்துத்தான் போகும்.

இதற்கு லண்டன் கண்டுபிடித்த தீர்வு, இளஞ்சிவப்பு நிற ரீடர். ரயில் மாறும் சில நிலையங்களில், கேட்டுக்கு வெளியே அல்ல, உள்ளேயே, நடைமேடையிலோ போகும் வழியிலோ நிற்கும். மாறும்போது அதில் கார்டை வைத்தால், நான் இந்த வழியாகத்தான் போகிறேன் என்று நடுவில் ஒரு சாட்சி கிடைத்துவிடும். அது பணம் பிடிக்காது, பயணத்தை முடிக்காது, வழியை மட்டும் குறித்துக்கொள்ளும். புதியவர்கள் அதைக் கண்டு பயந்து ஒதுங்கிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது நம் பக்கம் பேசும் சாட்சி.

பஸ்ஸில் கதை வேறு, அதுவும் நகரத்துக்கு நகரம் வேறு. லண்டன் பஸ்ஸில் தூரம் எவ்வளவானாலும் ஒரே கட்டணம் என்பதால் ஏறும்போது மட்டும் வைத்தால் போதும். சிங்கப்பூர் பஸ்ஸில் இறங்கும்போதும் வைத்தாக வேண்டும், மறந்தால் அந்தப் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கணக்கு. சோலில் இறங்கும்போது வைக்காவிட்டால் அடுத்த வண்டிக்கான மாறுதல் சலுகை போய்விடும். மெல்பர்னில் இதற்கு நேர்மாறான ஒரு சிக்கல்: நகர மையத்தில் டிராம் இலவசம். அந்த எல்லைக்குள் மட்டும் போகிறவர், நல்ல பழக்கமாயிற்றே என்று மைக்கி கார்டை வைத்தால், இலவசப் பயணத்துக்குக் காசு போய்விடும். எனவே ஒரு நகரத்தில் கற்ற பழக்கத்தை இன்னொரு நகரத்துக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். போய் இறங்கியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘இறங்கும்போதும் வைக்கணுமா?’

வண்டி மாறுவதும் ஒரே பயணமாகக் கணக்கில் வரலாம். அதற்கு நேரக் கெடு உண்டு. லண்டனில் முதல் பஸ்ஸில் வைத்த ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ், டிராம் மாறினாலும் ஒரே கட்டணம். சிங்கப்பூரில் ஒரு வண்டியிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறினால், இரண்டும் ஒரே பயணத்தின் பகுதிகள். சில இடங்களில் ஒரு ரயில் நிலையத்தை விட்டுத் தெருவுக்கு வந்து, பக்கத்து நிலையத்தில் நுழைந்து மாற வேண்டியிருக்கும். அப்போதும் வெளியே ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை என்று தைரியமாக வைக்கலாம். குறித்த நிமிடங்களுக்குள் நடந்துவிட்டால் அமைப்பு அதை முறியாத பயணமாகவே எடுத்துக்கொள்ளும். நடுவில் கடையைப் பார்த்து நின்றுவிட்டால் இரண்டு பயணம்.

இதே கெடு எதிர்ப்பக்கமாகவும் பாயும். நிலையத்துக்குள் நுழைந்து, நண்பருக்காகக் காத்திருந்து, மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுப் போனால், அந்தத் தூரத்துக்கு இவ்வளவு நேரமா என்று அமைப்பு சந்தேகப்படும். லண்டனில் ஒவ்வொரு பயணத்துக்கும் அதிகபட்ச நேரம் வைத்திருக்கிறார்கள். தாண்டினால், முடியாத இரண்டு பயணங்களாக உடைத்துவிடும். காத்திருப்பதானால் கேட்டுக்கு வெளியே காத்திருங்கள்.

கூட்ட நேரக் கட்டணம் உள்ள நகரங்களில் மணியும் முக்கியம். லண்டன் ரயில்களில் வேலை நாள் காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் கூட்ட நேரம். எந்த மணிக்கு இறங்கினோம் என்பது கணக்கில்லை, உள்ளே கார்டை வைத்த மணிதான் கணக்கு. 9.28க்கு கேட் முன்னால் போய் நின்றுவிட்டால், இரண்டு நிமிடம் சும்மா வேடிக்கை பார்ப்பது லாபம்.

அப்புறம், உச்சவரம்பு, அதாவது ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் பிடிப்பதில்லை என்ற எல்லை. ஸ்மார்ட் கார்டு பயணிக்குச் செய்த பெரிய நன்மை இதுதான் என்பது என் கட்சி. முன்பெல்லாம் காலையிலேயே நாள் முழுவதற்கான பாஸ் வாங்குவதா, தனித்தனி டிக்கெட்டா என்று நாமே சூதாட வேண்டும். இரண்டு தடவை போவோம் என்று நினைத்துத் தனி டிக்கெட் எடுப்போம், கடைசியில் ஐந்து தடவை போயிருப்போம். இப்போது அந்தக் கணக்கை அமைப்பே பார்த்துக்கொள்கிறது. ஒரு பயணத்துக்கு 3, ஒரு நாளுக்கு உச்சவரம்பு 8 என்று வைத்துக்கொள்வோம். முதல் பயணம் 3, இரண்டாவது 3, மூன்றாவதுக்கு 2 மட்டும், நான்காவதிலிருந்து ஒன்றும் கிடையாது. முன்கூட்டித் தீர்மானிக்க எதுவுமில்லை. வார உச்சவரம்பும் பல இடங்களில் உண்டு. ஆனால் வாரம் எப்போது தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். லண்டனிலும் சிட்னியிலும் அது திங்கள் முதல் ஞாயிறு வரை. புதன்கிழமை வந்து இறங்கிய பயணிக்கு அந்த வாரத்தில் ஐந்தே நாள்தான் மீதி. நியூயார்க்கில் முதல் தொடுதலிலிருந்து ஏழு நாள் என்று எண்ணுகிறார்கள், சுற்றுலாப் பயணிக்கு அது நியாயமாகப் படும். மண்டலம் உள்ள ஊரில் உச்சவரம்பும் மண்டலத்தைப் பொறுத்தது. ஒரே ஒரு நாள் வெளி மண்டலம் ஒன்றுக்குப் போனால் அன்றைய வரம்பு உயர்ந்துவிடும்.

இந்தச் சலுகை எல்லாம் ஒரே ஆள் என்று அமைப்பு அடையாளம் கண்டால்தான். இங்கேதான் போனிலும் வங்கிக் கார்டிலும் பயணம் செய்கிறவர்கள் கோட்டை விடுகிறார்கள். பாதுகாப்புக்காகப் போனில் உள்ள கார்டுக்கு ஒரு மாற்று எண் கொடுக்கப்படுகிறது. ஒரே வங்கிக் கணக்கு, ஒரே பெயர்தான். ஆனால் போன் ஒரு பயணி, பர்ஸில் உள்ள பிளாஸ்டிக் கார்டு வேறொரு பயணி, கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் மூன்றாவது பயணி. காலையில் போன், மாலையில் கார்டு என்று மாற்றினால் இரண்டும் தனித்தனியாக உச்சவரம்பை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். போனில் நுழைந்து கார்டில் வெளியேறினால் என்ன ஆகும் என்பதை இந்நேரம் நீங்களே சொல்லிவிடுவீர்கள். போன் என்றால் சார்ஜும் கவலை. ரயிலுக்குள் போன் அணைந்துவிட்டால், கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாமல் கேட் முன்னால் நிற்க வேண்டியிருக்கலாம். நாள் முழுதும் படம் எடுத்துத் தள்ளுகிறவர்கள் கார்டே வைத்துக்கொள்வது நல்லது.

பணம் எங்கே இருக்கிறது என்பதிலும் இரண்டு வகை. ஆய்ஸ்டர், சூய்கா, ஆக்டோபஸ் போன்றவற்றில் பேலன்ஸ் கார்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கேட் அதைப் படித்துக் கழித்து எழுதும், தலைமைக் கணினியைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். அந்த வேகத்தின் ரகசியம் இதுதான். ஆனால் இதன் விளைவு, ஆன்லைனில் ஆய்ஸ்டரை டாப்-அப் செய்தால் பணம் உடனே கார்டுக்குள் வந்துவிடாது. கார்டு போய் ஒரு ரீடரைத் தொடும்போதுதான் உள்ளே ஏறும். வங்கிக் கார்டில் கதை வேறு. அதில் பேலன்ஸ் எதுவும் இல்லை. தொட்ட இடங்களை எல்லாம் தலைமைக் கணினி சேகரித்து, நாள் முடிந்ததும் மொத்தமாகக் கூட்டி, உச்சவரம்பைப் பார்த்து வங்கியிடம் கேட்கும். லண்டன் பஸ்களில் 2012 டிசம்பரிலும், சுரங்க ரயிலில் 2014 செப்டம்பரிலும் இது வந்தது. வெளியே வந்ததும் கட்டணம் எவ்வளவு என்று கேட் காட்டவில்லையே என்று பதறாதீர்கள், அது இன்னும் கணக்கே போடவில்லை.

பேலன்ஸ் போதாமல் போனால்? ஹாங்காங்கில் ஆக்டோபஸ் கொஞ்சம் கடன் கொடுக்கும். வாங்கும்போது கட்டிய டெபாசிட்டை ஈடாக வைத்துக்கொண்டு, பேலன்ஸ் கழித்தல் குறிக்குப் போக அனுமதிக்கும். ஜப்பானில் அந்தத் தாராளம் இல்லை. வெளியேறும் கேட் மூடிக்கொள்ளும். கேட்டுக்கு உள்பக்கமே இதற்கென்று ஓர் இயந்திரம் இருக்கும், அதில் குறையும் தொகையைக் கட்டிவிட்டு வரலாம். யாரும் திட்ட மாட்டார்கள், அங்கே தினமும் நடப்பதுதான். இன்னொன்று, ஜப்பானில் பெரிய கார்டுகள் பத்தும் 2013இலிருந்து ஒன்றின் ஊரில் ஒன்று செல்லும். ஆனால் ஒரு கார்டு வட்டாரத்தில் நுழைந்து, நீண்ட தூரம் போய், இன்னொரு வட்டாரத்தில் வெளியேற முடியாது. இரண்டிலும் செல்லுபடி, இரண்டுக்கும் நடுவே அல்ல.

கார்டின் பாதுகாப்பைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. உலகெங்கும் பரவியிருந்த மைஃபேர் கிளாசிக் என்ற சிப்பின் ரகசியக் குறியீட்டை 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துவிட்டார்கள். ஆய்வை வெளியிடக் கூடாது என்று சிப் தயாரித்த நிறுவனம் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. அதன் பிறகு லண்டன் உட்படப் பல நகரங்கள் வலுவான சிப்புக்கு மாறின. நம்மைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய அபாயம் கார்டு தொலைவதுதான். பெயர் பதிந்த கார்டு என்றால் முடக்கி, பேலன்ஸைப் புதிய கார்டுக்கு மாற்றிவிடலாம். பதியாத கார்டு, கீழே விழுந்த பணம் மாதிரி. பதிவு செய்தால் நாம் போய்வந்த இடமெல்லாம் நம் பெயரோடு ஒரு கணினியில் கிடக்கும் என்பதும் உண்மைதான். அது பிடிக்காதவர்கள் பதியாமல் குறைந்த பேலன்ஸோடு வைத்துக்கொள்கிறார்கள்.

பதிவு செய்வதில் எனக்குக் கிடைத்த லாபம் வேறு. அந்த நான்கு நிலையப் பயணத்துக்குப் பிறகு, கணக்கைத் திறந்து பயண வரலாற்றைப் பார்த்தேன். ஏறிய நிலையம், நேரம், பக்கத்தில் இறங்கிய இடத்தில் ஒரு வெற்றுக் கோடு. கீழே, எங்கே இறங்கினீர்கள் என்று கேட்கும் ஒரு சின்னப் படிவம். நிலையத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். சில நாள் கழித்து வித்தியாசத் தொகை வரவு வைக்கப்பட்டது. கார்டில் பணம் ஏற, ஒரு ரீடரில் வைக்கச் சொன்னார்கள். அந்தச் சின்ன நிலையத்துத் தூண் பக்கத்து ரீடரிலேயே போய் வைத்துவிட்டு வந்தேன்.